எம்.டி. கொடுத்த பதினைந்து நிமிடம்: வாசகர் கேள்வி பதில்

வேலை இடத்துச் சிக்கல்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி, வேறு வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது: பெரிய நாற்காலியில் இருப்பவர் முன்னால் போய் நின்று நம் யோசனையை எப்படிச் சொல்வது? இந்தப் பக்கம் நின்று உளறியும் இருக்கிறேன், கடைசிப் பத்து வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஒன்பது வருடமாக மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். மில்லில் கம்ப்ரசர் காற்று ஏகத்துக்கும் கசிகிறது. ஆயுத பூஜைக்கு மெஷின்கள் எல்லாம் நின்ற அன்று, 75 கிலோவாட் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு அளந்தேன். மூன்று நிமிடம் லோடு (காற்றை அழுத்தி அனுப்புவது), ஏழு நிமிடம் அன்லோடு (அழுத்தாமல் சும்மா சுழல்வது), இப்படியே மாறி மாறி ஓடியது. ஒரு மெஷினும் காற்று எடுக்காதபோதே 30 சதவீதம் கசிவு. வருடத்துக்கு 15 லட்சம் ரூபாய் கரண்ட் மிச்சமாகும் என்பது என் கணக்கு. பைப், வால்வு, கப்ளிங் எல்லாம் மாற்ற நான்கு லட்சம் ஆகும். எம்.டி.யிடம் சொன்னேன். 'வியாழக்கிழமை வாங்க, கால் மணி நேரம் தர்றேன்' என்றார். ப்ரொடக்‌ஷன் ஜி.எம்., அக்கவுண்ட்ஸ் மேனேஜர் இருவரும் உடன் இருப்பார்கள். 38 ஸ்லைடு தயார் செய்துவிட்டேன். முதல் ஸ்லைடின் தலைப்பு 'நம் மில்லின் காற்று அமைப்பில் உள்ள குறைபாடுகள்'. இப்போதே கை நடுங்குகிறது. எப்படிப் பேசுவது? — கோவை வாசகர்

பதில்: தம்பி, 38 ஸ்லைடு, 15 நிமிடம். ஒன்றுக்கு 24 நொடி கூடத் தேறாது. அதிலும் அந்தப் பதினைந்து நிமிடம் முழுசாக உங்களுக்குக் கிடைக்கும் என்று யார் சொன்னார்கள்? முன்னால் நடக்கும் மீட்டிங் இழுக்கும், பேங்கில் இருந்து போன் வரும், காபி வரும். ஆறு நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துத் தயார் செய்யுங்கள்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1994-ல் ஒரு பெரிய கம்பெனியில் சேர்மன் முன்னால் பேச முதல் வாய்ப்பு. அப்போது ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர்தான், கண்ணாடித்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டு போவோம். நான் 31 தாள் எழுதியிருந்தேன், மூன்று கலரில். மூன்றாவது தாளிலேயே சேர்மன் கேட்டார்: "எவ்வளவுப்பா ஆகும்?" நான் பெரிய மேதாவியாட்டம், "அதுக்கு வர்றேன் சார், 26-வது ஷீட்ல இருக்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். எட்டாவது தாள் ஓடும்போது யாரோ வந்து காதில் ஏதோ சொல்ல, "நல்லா இருக்கு, ஜி.எம். கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்று எழுந்து போய்விட்டார். 26-வது தாளை இன்றுவரை என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

அவர் கம்ப்ரசரைப் பற்றிப் பாடம் கேட்க உட்காரவில்லை. ஒரு முடிவு எடுக்க உட்கார்ந்திருக்கிறார், அந்த முடிவு என்ன என்பதே அவருக்கு இன்னும் தெரியாது. நாமோ காலேஜில் செமினார் எடுத்த பழக்கத்தில் முன்னுரை, வரலாறு, ஆய்வு முறை என்று போய்க் கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறோம். தலைகீழாக மாற்றுங்கள். உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சார், காத்து கசியிறதுல வருஷத்துக்கு ஏழு லட்சம் ரூபா கரண்ட் வீணாப் போகுது. நாலு லட்சம் செலவு பண்ணினா ஏழு மாசத்துல திரும்பிடும். மெஷின் நிறுத்த வேண்டாம். அந்த நாலு லட்சத்துக்கு நீங்க ஓகே சொல்லணும்." அரை நிமிடம் கூட ஆகாது. அதற்கப்புறம் அவர் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும், மிச்ச நேரம் தானாக நிரம்பும்.

15 லட்சம் எப்படி ஏழாச்சு என்று கேட்பீர்கள். உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது: 75-ல் 30 சதவீதம் 22.5 கிலோவாட், வருடத்துக்கு 8,400 மணி நேரம், யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டிருக்கிறீர்கள். பெருக்கினால் 15 லட்சம் வருகிறது, சரி. ஆனால் எந்த மில்லிலும் கசிவு பூஜ்ஜியத்துக்கு வராது. 10 சதவீதத்துக்குள் கொண்டுவந்தாலே நல்ல வேலை. அப்படிப் பார்த்தால் மிச்சம் 15 கிலோவாட், அதாவது பத்து லட்சம். அதோடு, கம்ப்ரசர் அன்லோடில் ஓடும்போது சும்மாவா இருக்கிறது? அப்போதும் லோடில் இழுப்பதில் கால் பங்குக்கு மேல் கரண்ட் இழுக்கும். அதையும் கழித்தால் ஏழு. இந்தக் கழித்தலை நீங்களே செய்துகொண்டு போனால் கெட்டிக்காரர். நீங்கள் 15 என்று சொல்லி, அக்கவுண்ட்ஸ் மேனேஜர் எல்லார் முன்னாலும் அதை ஏழாக்கினால், பாக்கி எட்டு லட்சத்துக்கு நீங்கள்தான் பொய்யர். அதே ஏழு லட்சம்தான், ஆனால் அதற்குப் பிறகு எம்.டி. உங்கள் எந்த எண்ணையும் நம்ப மாட்டார்.

அடுத்தது அந்த ப்ரொடக்‌ஷன் ஜி.எம். நீங்கள் ஒன்றரை வரியில் கடந்துவிட்டீர்கள், என்னைக் கேட்டால் உங்கள் வியாழக்கிழமையே அவர் கையில்தான் இருக்கிறது. நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷினில், அறுந்த நூல் முனைகளைச் சேர்ப்பது (ஸ்ப்ளைஸ்) காற்றுதானே? காற்று அமைப்பில் கை வைக்கிறேன் என்றதும் அவர் வாயில் வரப்போகும் முதல் வார்த்தை 'ஸ்ப்ளைஸ் வீக் ஆயிடும்'. எம்.டி. முன்னால் அவர் இதைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது, நீங்கள் எத்தனை ஸ்லைடு வைத்திருந்தாலும் சரி. அதனால் செவ்வாய்க்கிழமையே அவர் ரூமுக்குப் போய், "சார், பிரஷரைக் குறைக்கப் போறதில்ல, ஒழுகுறதை மட்டும் அடைக்கிறோம், கடைசி மெஷினுக்கு இப்ப வர்றதை விட பிரஷர் நல்லாத்தான் வரும், முதல்ல எந்த மெஷின்ல ஆரம்பிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். மெஷினை அவர் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி யோசனை அவருடையது ஆகிவிடும். ஆகட்டுமே. அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடமும் போய், யூனிட்டுக்கு என்ன ரேட் போட்டுக் கணக்குப் பார்க்கலாம் என்று கேட்டு, அவர் சொல்லும் ரேட்டையே போடுங்கள். தன் எண்ணைத் தானே எப்படி மறுப்பார்?

அப்புறம் அந்தத் தலைப்பு. 'குறைபாடுகள்' என்றால் யாருடைய குறை? அந்தக் கம்ப்ரசரை வாங்கியவர், பைப் போட்டவர், இத்தனை வருடம் ஓட்டியவர் எல்லாரும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். கோடாக் கம்பெனியில் ஸ்டீவ் சாஸன் என்ற இளம் இன்ஜினியர் 1975-ல் டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்தார். மூன்றரை கிலோவுக்கு மேல் எடை, 16 பேட்டரி, ஒரு படம் கேசட்டில் பதிய 23 நொடி. அதை 1976-ல் கம்பெனி அதிகாரிகளுக்குக் காட்டினார். அறையில் இருப்பவர்களையே படம் பிடித்து, அங்கேயே டி.வி.யில் போட்டுக் காட்டினார், காட்டிய விதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த விளக்கத்துக்கு அவர் வைத்த பெயர் 'பிலிம் இல்லாத போட்டோகிராபி'. பிலிம் விற்றுச் சாப்பிடுகிற கம்பெனியில்! படத்தை யாராவது டி.வி.யில் பார்ப்பார்களா, இது பிலிமுக்குப் போட்டியாக வர எத்தனை வருடம் ஆகும் என்றெல்லாம் கேட்டார்கள். பதினைந்து இருபது வருடம் ஆகலாம் என்றார் அவர். அது ஒன்றும் தப்பான கணிப்பில்லை, ஆனால் இருபது வருடம் கழித்து அந்த நாற்காலியில் யார் இருப்பார்கள்? கோடாக் 2012-ல் திவால் பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. அதற்கு ஆயிரம் காரணம் உண்டு, தலைப்பு ஒன்றால் கம்பெனி சாயவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் சரியான தேர்வு இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நீங்கள் 'கம்ப்ரசர் கரண்டில் வருடம் ஏழு லட்சம் மிச்சம்' என்று போட்டுக்கொள்ளுங்கள். அதில் யாருக்கும் குத்தாது.

ஸ்லைடு வேண்டுமா என்றால், ஒரே ஒரு ஏ4 தாள் போதும், மூன்று காப்பி. அமேசானில் 2004-லேயே ஜெஃப் பெசோஸ் தன் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டார். ஆறு பக்கத்துக்குள் முழு வாக்கியங்களாக எழுதிக்கொண்டு வர வேண்டும், கூட்டம் ஆரம்பித்ததும் எல்லாரும் பேசாமல் உட்கார்ந்து அதைப் படிப்பார்கள். நம் எம்.டி.க்கள் ஆறு பக்கம் படிப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரு பக்கம் படிப்பார்கள். அந்த 38 ஸ்லைடையும் தூக்கிப் போட வேண்டாம், லேப்டாப்பில் இருக்கட்டும், யாராவது துருவிக் கேட்டால் திறக்கலாம். கூடவே இன்னொன்று செய்யுங்கள். கசிகிற ஒரு கப்ளிங்கில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, புஸ்ஸென்று நுரை பொங்குவதை மொபைலில் இருபது நொடி வீடியோ எடுங்கள். எம்.டி. கையில் போனைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். 22.5 கிலோவாட் என்பது அவருக்கு வெறும் எண், அந்த நுரை அப்படி இல்லை.

எல்லாம் முடிந்ததும் அவர் 'பார்க்கலாம்' என்பார். இந்தப் 'பார்க்கலாம்' இருக்கிறதே, 'சரி' என்றும் அர்த்தம், 'வேண்டாம்' என்றும் அர்த்தம், 'இவர் முன்னால் சொல்ல விரும்பவில்லை' என்றும் அர்த்தம். தலையாட்டிவிட்டு வெளியே வராதீர்கள். "சரிங்க சார், அடுத்த வாரம் மூணு கொட்டேஷன் வாங்கி அக்கவுண்ட்ஸ் சார்கிட்ட குடுத்துடட்டுமா?" என்று கேளுங்கள். அதற்கு 'ம்' என்றால் அது 'சரி'தான்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் தடுமாறும். எங்கள் பிளாண்ட் ஹெட் தமிழர்தான், ஆனால் மீட்டிங் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். என்ன செய்வது? டை கட்ட வேண்டுமா? — ஓசூர் வாசகர்

பதில்: ஆரம்ப இரண்டு வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பிறகு "சார், தமிழ்லயே சொல்லட்டுமா, வேகமா முடிச்சுடுவேன்" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்ன தமிழரை நான் பார்த்ததில்லை. கன்னடக்காரரோ வடக்கத்தியரோ உடன் இருந்தால் தாளை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுங்கள், எண்களுக்கு மொழி கிடையாது. டை வேண்டாம். தினமும் போடுகிற யூனிஃபார்மைத் துவைத்து இஸ்திரி போட்டுப் போங்கள், ஷூவில் கிரீஸ் இருந்தால் துடையுங்கள். ஷாப் ஃப்ளோரில் இருந்து வருகிறவர் திடீரென்று கோட் போட்டு வந்தால் எல்லாரும் கோட்டைத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ப்ராஜெக்ட் லீட். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பழைய டேட்டாவைப் புது சிஸ்டத்துக்கு மாற்றும் வேலை. மார்ச் 1 கோ-லைவ், அதாவது அன்று புது சிஸ்டம் ஓட ஆரம்பிக்கும், என்று சொல்லியிருக்கிறோம், நிச்சயம் முடியாது, ஆறு வாரமாவது தள்ளிப்போகும். அடுத்த வாரம் க்ளையன்ட் தரப்பு வி.பி. (வைஸ் பிரசிடென்ட்) வரும் கான்ஃபரன்ஸ் காலில் நான்தான் பேச வேண்டும். என் மேனேஜர், 'இப்போதைக்கு ஸ்டேட்டஸைப் பச்சையிலேயே (எல்லாம் சரி என்று) வை, கடைசி ஸ்லைடுல ரிஸ்க்னு ஒரு வரி போட்டுடு' என்கிறார். என்ன செய்யட்டும்? — பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் தொழிலில் இதைத் தர்பூசணி என்று சொல்வார்கள் இல்லையா, வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. மேனேஜர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை, பயந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் 'கடைசி ஸ்லைடில் ஒரு வரி' என்பது ஆபத்தான வேலை.

கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலம் நினைவிருக்கும். 2003 ஜனவரி 16 அன்று கிளம்பும்போது எரிபொருள் தொட்டியில் இருந்து பெயர்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகளை வைத்துப் பார்த்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம் என்ற தொனியில் இருந்தது. அதே ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில், சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இப்போது மோதியது சுமார் 1,920 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு! அதாவது அந்தச் சோதனைகளை வைத்து எதையுமே சொல்ல முடியாது என்பதுதான் செய்தி. அது அங்கே இருந்தது, யாரும் மறைக்கவில்லை. ஆனால் மேலே இருப்பவர்கள் தலைப்பைத்தான் படிக்கிறார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது விண்கலம் சிதறியது, ஏழு பேரும் போனார்கள். அந்த ஸ்லைடைப் பார்க்கும் ஒரு மூத்த அதிகாரிக்கு இது உயிர் போகிற விஷயம் என்று தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை என்று விசாரணைக் குழுவும் எழுதியது.

உங்கள் ப்ராஜெக்டில் உயிர் போகாது. ஆனால் மார்ச் 1-ஐ நம்பி அந்தக் கம்பெனி பழைய சிஸ்டத்தின் லைசென்ஸை நிறுத்தியிருக்கும், ஆட்களுக்கு ட்ரெயினிங் தேதி குறித்திருக்கும். வி.பி. தன் மேலதிகாரியிடம் தேதியைச் சொல்லியிருப்பார். அவரைக் கோபப்படுத்தப் போவது தாமதத்தை விட, அதை அவர் பிப்ரவரி கடைசியில் கேள்விப்படுவது.

மேனேஜரைத் தாண்டிப் போகாதீர்கள், அது வேறு வினை. இன்றைக்கே அவருக்கு ஒரு மெயில் எழுதுங்கள்: எத்தனை டேபிள் முடிந்தது, எத்தனை பாக்கி, இந்த வேகத்தில் போனால் எந்தத் தேதி, வெறும் எண்கள் மட்டும், குற்றச்சாட்டு வேண்டாம். மெயில் போய்விட்டால் அவருக்கும் பச்சையில் வைப்பது கஷ்டம், எழுத்தில் இருக்கிறதே. அப்புறம் அவரோடு உட்கார்ந்து முதல் ஸ்லைடின் தலைப்பை முழு வாக்கியமாக எழுதுங்கள்: 'மார்ச் 1-ல் கோ-லைவ் முடியாது, ஏப்ரல் 12-ல் முடியும்'. கீழே இரண்டே வழிகள். முழுசாக ஏப்ரலுக்குத் தள்ளுவது, இல்லையென்றால் புதுப் பாலிசிகளை மட்டும் மார்ச்சில் தொடங்கிப் பழையவற்றை ஏப்ரலில் மாற்றுவது. இரண்டில் எதை நீங்கள் சிபாரிசு செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 'நீங்களே முடிவு பண்ணுங்க' என்று பந்தைத் தூக்கிப் போட்டால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

காலுக்கு இரண்டு நாள் முன்னால் க்ளையன்ட் பக்கம் உங்களோடு தினமும் பேசுகிறவர் ஒருவர் இருப்பாரே, அவருக்கு மேனேஜரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வி.பி. காதுக்கு அவர் வழியாக விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும், காலில் யாரும் அதிர்ச்சி ஆக மாட்டார்கள். "ஏன் இவ்வளவு லேட்டாச் சொல்றீங்க?" என்று ஒரு கேள்வி எப்படியும் வரும். அதற்கு நீளமாக விளக்கம் சொல்லாதீர்கள். "போன வாரமே சொல்லியிருக்கணும், தப்புதான்" என்று ஒரே வரி, அடுத்து தேதிக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பெரிய கம்பெனிக்கு ஒரு பாகம் செய்து தருகிறேன். அதன் டிசைனைக் கொஞ்சம் மாற்றினால் பீஸுக்குப் பதினோரு ரூபாய் குறையும். பர்ச்சேஸ் தலைவரைப் பார்க்க மூன்று மாதமாக அலைகிறேன். பார்த்தாலும் யோசனையை வாங்கிக்கொண்டு வேறு ஆளிடம் ஆர்டர் கொடுத்துவிட்டால்? — அம்பத்தூர் வாசகர்

பதில்: அந்தப் பயம் நியாயமானது, எனக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. முதல் சந்திப்பில் 'எவ்வளவு' என்பதை மட்டும் சொல்லுங்கள், 'எப்படி' என்பதைச் சொல்லாதீர்கள். "சார், பீஸுக்குப் பதினோரு ரூபா குறையும், உங்க அசெம்பிளில ஒண்ணும் மாத்த வேண்டாம், பத்து சாம்பிள் நானே என் செலவுல தர்றேன், டெஸ்ட் பண்ணிப் பாருங்க." டிராயிங் கேட்டால் ஆர்டர் பேச்சு வந்த பிறகு. மாற்றம் உண்மையிலேயே புதுசு என்றால், யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் ஒரு பேடன்ட் ஏஜென்டைப் பாருங்கள். ப்ரொவிஷனல் விண்ணப்பம் என்று ஒன்று உண்டு, அதைப் போட்டு வைத்தால் முழு விண்ணப்பம் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் அவகாசம் கிடைக்கும். முதலில் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டுப் பிறகு போனால் 'இது ஏற்கெனவே வெளியே வந்ததுதானே' என்று அடிபட்டுவிடும். பதினோரு ரூபாயும் மெஷின் செட்டிங்கில்தான் வருகிறது, டிசைனில் இல்லை என்றால் பேடன்ட் எல்லாம் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

மூன்று மாத அலைச்சலுக்கு ஒரு வழி. நேராகத் தலைவரைப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். அவருடைய பி.ஏ.வைப் பிடியுங்கள், லஞ்சம் கொடுத்து இல்லை, மரியாதையாகப் பேசி. "மேடம், அவர் எந்த நாள் கொஞ்சம் ஃப்ரீயா இருப்பார், பத்து நிமிஷம் போதும்" என்று கேட்டால் மாதக் கடைசியில் வராதே என்று அவரே சொல்வார். பெரிய மனிதர்களின் காலண்டர் பெரிய மனிதர்கள் கையில் இருப்பதில்லை.

கேள்வி: நான் பேசும்போது எங்கள் சேர்மன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா, இல்லையா என்றே தெரியவில்லை. அப்படி நடந்தால் என்ன செய்வது? — திருச்சி வாசகி

பதில்: பேச்சை நிறுத்துங்கள் அம்மா. ஐந்து நொடி. சத்தம் நின்றதும் பெரும்பாலும் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு ஒரு தடவை அப்படி நிறுத்தியும் அவர் நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த டைரக்டர்தான், "சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கார்" என்றார். சும்மா சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடகடவென்று முடித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை எட்டரை மணிக்குச் சேர்மனிடம் இருந்தே போன்: "நேத்து வட்டி ஒன்பதரைன்னு சொன்னீங்க, நீங்க குடுத்த பேப்பர்ல பத்தேகால்னு இருக்கே, எது சரி?"

பேப்பரில் இருந்ததுதான் சரி.